முதல் வாரத்துக்காரன்

என் தங்கை புருஷனைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், மிச்சமிருக்கும் பல்லைக் காட்டிச் சிரித்திருப்பேன். என் முன்பல் இரண்டையும் உடைத்தவன் அவன். ஒன்று பத்து வருடத்துக்கு முன்பு, இன்னொன்று போன வருடம். முதல் பல்லுக்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டாவது பல் எப்படிப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இருவருக்கும் ஒரே பட்டறையில்தான் வேலை. ஓடி ஓய்ந்த லாரியும் பஸ்ஸும் உடைபடுவதற்காக அங்கே வந்து சேரும். நான் தீயால் இரும்பை அறுக்கும் கேஸ் கட்டர் பிடிப்பவன், அவன் சம்மட்டிக்காரன். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் தீயைக் கொண்டுபோக முடியாது. ஒரு பொறி பறந்தால் அத்தனை பேர் கதையும் முடிந்துவிடும். அங்கெல்லாம் உளியை வைத்து அடித்துத்தான் ஆணியை அறுக்க வேண்டும். ஒருவர் குறடால் உளியைப் பிடித்துக்கொள்வார். அவர் பார்வை உளியின் நுனியை விட்டு நகராது, தலைக்கு மேலே தூக்கிய சம்மட்டியை ஏறிட்டும் பார்க்கமாட்டார். உளி சரியாக உட்கார்ந்ததும் "போடு" என்பார். அவர் "போடு" சொல்லாமல் சம்மட்டி இறங்கக் கூடாது. இதுதான் பட்டறைச் சட்டம். இருபது வருடமாக அவன் ஏழு கிலோ இரும்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிறான். உளி பிடித்த யாருக்கும் ஒரு நகம்கூட நசுங்கியதில்லை.

அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். மற்றவர்கள் மாப்பிள்ளை தேடினால் குடிப்பானா, சூதாடுவானா, அப்பன் எப்படிப்பட்டவன் என்றெல்லாம் விசாரிப்பார்கள். எனக்கு இருப்பது பட்டறைக்காரன் புத்தி. சம்மட்டியை இத்தனை நிதானமாகப் பிடிக்கிறவன் பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வான் என்று யோசித்து, நானே பேசி, நானே முடித்துவைத்தேன். நல்ல நாளில் அவனும் தங்கமான ஆள்தான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ஆனால் தங்கையின் தலையில் என் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டேன்.

அவன் முதுகில் சைக்கிள் செயின் தடம் பதினொன்று உண்டு. குளிக்கும்போது எண்ணியிருக்கிறேன். எல்லாம் அவன் அப்பன் போட்டது. பதினாலாவது வயதில் அதே அப்பனை மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டு வீட்டை விட்டு வந்தவன். இதைக் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொன்னான். ரோஷக்காரன் என்று அதையும் மெச்சிக்கொண்டேன். என்னைப் போன்ற முட்டாளைத் தேடினாலும் கிடைக்காது.

கல்யாணமான மூன்றாம் வருடம் தங்கையின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கேட்கப் போனேன். வாசலிலேயே வாயில் ஒரு குத்து விழுந்தது, பல் என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. நானும் சும்மா வரவில்லை. கிடந்த இரும்புக் குழாயை எடுத்து அவன் தோளில் இறக்கினேன். ஒரு மாதம் சம்மட்டி தூக்க முடியாமல் திரிந்தான். பிறகு பட்டறையில் ஒரே லாரிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனுமாக வேலை பார்த்தோம். "கட்டரை இப்படிக் காட்டு", "அதைத் தள்ளு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

அவன் மகளுக்கு ஒன்பது வயதானபோது அந்தக் காரியத்தைச் செய்தான். வேலை விட்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறான், அவள் திறக்க நேரமாகிவிட்டது. உள்ளே தலை வாரிக்கொண்டு இருந்திருக்கிறாள், அவ்வளவுதான் குற்றம். திறந்ததும் கையைப் பிடித்து முறுக்கிச் சுவரோடு எறிந்தான். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. இரும்பு உடைகிற சத்தத்தில் ஒரு ரீங்காரம் மிச்சமிருக்குமாம், எலும்பு உடைகிற சத்தத்தில் அது கிடையாதாம். பிறகு ஒருநாள் அவனே சொன்னான்.

அவனேதான் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாயைத் திறப்பதற்கு முன்பே குழந்தை, "நானாதான் விழுந்துட்டேன்" என்றாள். கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் அந்த நர்ஸுக்கு விளங்காதா? குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. அம்மாவும் பெண்ணும் என் வீட்டில் இருக்க வேண்டும், அப்பன்மார்களுக்கென்று அவர்கள் நடத்தும் வகுப்புக்கு இவன் பன்னிரண்டு சனிக்கிழமை போய்வர வேண்டும், முடித்தால் பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் பெண் சம்மதித்தால் என்று எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பாம்! நாய் வாலை நிமிர்த்தப் பார்க்கிறார்கள் என்று நான் சிரித்தேன்.

தீயணைப்பு நிலையத்தின் மாடியில் சனிக்கிழமை நாலு மணிக்கு வகுப்பு. மொத்தம் பதினொரு அப்பன்மார். மூட்டை தூக்குகிறவர், சாக்கடை அள்ளுகிறவர், ரொட்டிக் கடைக்காரர், பெயிண்டர், ஆட்டோ ஓட்டுகிறவர் இருவர், இப்படி. நடத்துவது ஒரு குள்ளமான அம்மா. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். அடிதடி செய்கிற பதினொரு பேரை ஒரே அறையில் உட்காரவைத்தால் விசில் வேண்டாமா? அதனால் எல்லோரும் அவரை விசிலம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு விதி உண்டு. வீட்டிலோ வெளியிலோ யார் மீதாவது கை வைத்தால், அடுத்த சனிக்கிழமை அதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னதும் கணக்கு அழிந்துவிடும், மறுபடி முதல் வாரம். யாரும் துப்பறிய வரமாட்டார்கள். சொல்லாமல் மறைத்தாலும் கேட்க ஆளில்லை. கேட்டபோது, இதைவிட வசதியான சட்டம் உலகத்தில் இல்லை என்றுதான் நினைத்தேன்.

முதல் நாள் விசிலம்மா அவனிடம் கேட்டாராம்: "உங்க பொண்ணு எந்த வகுப்பு படிக்கிறா?"

"மூணாவது."

"நாலாவது. அவளோட ஃப்ரெண்டு பேர் என்ன?"

தெரியவில்லை. எந்தச் செருப்பு கிழிந்திருக்கிறது, எதைப் பார்த்தால் பயம், எதுவுமே தெரியவில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் பக்கத்திலிருந்த பெயிண்டர் பதில் சொல்லியிருக்கிறார்: "உன்னைப் பார்த்தாதான்யா."

மூன்றாவது வாரம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுத்து, தலை கசக்கிக் குளிப்பாட்டச் சொன்னார்கள். பெயிண்டருக்கு வாய் சும்மா இருக்காது. "பாத்துப்பா, இதோட கையையும் ஒடிச்சிடாத" என்றார். அவ்வளவுதான், நாற்காலி பறந்தது. பெயிண்டருக்குப் புருவம் கிழிந்தது. மூட்டைக்காரர் நடுவில் புகுந்து இருவரையும் சுவரில் அழுத்தினார், விசில் ஊதி ஊதி அந்தம்மாவின் முகம் சிவந்தது. கீழேயிருந்து தீயணைப்பு வீரர்கள் ஏறி வந்து பார்த்தால், தரையெல்லாம் தண்ணீர், நடுவில் சோப்பு நுரையோடு பதினொரு பொம்மைகள்.

"சம்மட்டி அடிக்கும்போது எத்தனை பேர் விரலை நசுக்கியிருக்கீங்க?" என்று விசிலம்மா மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஒருத்தர் விரலையும் இல்ல. பிடிக்கிறவர் 'போடு'ன்னு சொல்லாம நான் போடமாட்டேன்."

"அப்போ வீட்டுல 'போடு'ன்னு சொன்னது யாரு?"

கை தானாக வந்துவிட்டது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவன். திங்கட்கிழமை பட்டறையில் லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனாகவே இதை என்னிடம் சொன்னான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அது.

மறுபடி முதல் வாரம். ஆறாவது வாரம் வரை வந்தான். பட்டறையில் ஒருவன் தங்கையைப் பற்றி ஏதோ சொல்ல, அவனை ரேடியேட்டர் குவியலில் தள்ளி மிதித்தான். போய்ச் சொன்னான், கணக்கு அழிந்தது. அடுத்த முறை ஒன்பதாவது வாரம் வரை. அந்தப் புதன்கிழமை தங்கை பேசிப் பார்க்கப் போயிருந்தாள், பேச்சு முற்றி ஒரு தட்டைச் சுவரில் வீசி உடைத்தான். சனிக்கிழமை போய், "சுவரும் கணக்குல வருமா?" என்று கேட்டிருக்கிறான்.

"சுவர் பக்கத்துல யார் நின்னா?"

"அவதான்."

"அப்போ வரும்."

நாலாவது தடவையாக முதல் வாரத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் ஆட்டோக்காரர்கள் அவனுக்கு முதல் வாரத்துக்காரன் என்று பெயர் வைத்தார்கள். கோபப்படாமல் சிரித்தானாம். கோபப்பட்டால் ஐந்தாவது தடவை அல்லவா?

அந்த முறை நிஜமாகவே ஒன்பதைத் தாண்டினான். பட்டறையில் யாராவது சீண்டினால் இரண்டு கையையும் முழங்கால் நடுவில் வைத்துக்கொண்டு குந்திவிடுவான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், பயமாகவும் இருக்கும். ஐந்தாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் என் வீட்டுக்கு வந்து மகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. நான் கூடவே இருக்க வேண்டும். முதல் ஞாயிறு அவள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, "உன் ஃப்ரெண்டு பேர் என்ன?" என்று கேட்டான். சொன்னாள். அடுத்த ஞாயிறு, "அவ சண்டை போட்டாளே, பேசிட்டாளா?" என்றான். அப்படியே வாரத்துக்கு இரண்டடியாக அவள் நெருங்கி வந்தாள். பத்தாவது வாரம் அவன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து பின்னல் போடச் சொன்னாள். பின்னல் கேவலமாக இருந்தது, அதோடுதான் மறுநாள் பள்ளிக்கூடம் போனாள்.

எனக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அவளை ஏழெட்டு மாதமாகச் சோறு போட்டு வளர்த்தவன் நான், பல்லைக் கொடுத்தவன் நான். இவன் வாரம் இரண்டு மணி நேரம் வந்து நல்லவனாகி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவானோ என்று உள்ளுக்குள் எரிந்தது. பன்னிரண்டாவது வாரம் முடிந்தால் வருகிறேன் என்று அவளும் தலையாட்டியிருந்தாள்.

பதினோராவது வாரம் முடிந்து மறுநாள் ஞாயிறு. அவன் வந்து உட்கார்ந்திருந்தான். எட்டு வயதான என் மகன் என் கட்டர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் வெயிலைப் பார்த்துக் கீழே போட்டுவிட்டான். கறுப்புக் கண்ணாடி இரண்டாகிவிட்டது. அது இல்லாமல் திங்கட்கிழமை தீயைப் பார்க்க முடியாது. நான் பெல்ட்டை உருவினேன்.

என் வீட்டில் இது புதிதல்ல. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். எலும்பை உடைக்கிறவன்தான் முரடன், கண்டிக்கிறவன் தகப்பன் என்று வைத்திருந்தேன். காலில் இரண்டு போட்டேன், முதுகில் இரண்டு போட்டேன். பையன் அலறிக்கொண்டு மூலைக்குப் போனான்.

"மச்சான், போதும். விடுங்க."

தரையில் உட்கார்ந்தபடிதான் சொன்னான். கை இரண்டும் முழங்கால் நடுவில் இருந்தன.

"ஓ, சாத்தான் வேதம் ஓதுதா? நீ யாருடா எனக்குச் சொல்ல?"

"பையன் பயப்படுறான், மச்சான்."

அவன் எழுந்திருக்க வேண்டும் என்று அந்த நொடியில் எனக்கு ஆசையாக இருந்தது. எழுந்து ஒரு அடி அடித்தால் போதும், பதினொரு வாரமும் போய்விடும். நினைத்துச் செய்தேனா, கோபத்தில் செய்தேனா என்று இன்றுவரை எனக்கே நிச்சயமில்லை. பெல்ட்டைத் திருப்பி பக்கிள் இருக்கும் பக்கத்தால் வீசினேன். பையனின் காதில் பட்டது. காது மடல் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. நான் மறுபடி ஓங்கினேன்.

அவன் எழுந்ததை நான் பார்க்கவில்லை. ஒரே குத்து. சம்மட்டி தூக்கும் கை. நான் பீரோவில் மோதி விழுந்தேன். வாயில் கை வைத்தால் பல்லும் ரத்தமும் ஒன்றாக வந்தன.

யாரும் என் பக்கம் வரவில்லை. கட்டின பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்று, "நல்லா வேணும். இத்தனை வருஷமா ஒருத்தராவது கேக்கமாட்டாங்களான்னு இருந்தேன்" என்றாள். தங்கையும், "இது கணக்குல வராதுங்க, குழந்தையைக் காப்பாத்தத்தானே அடிச்சீங்க? விசிலம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்" என்று அவன் தோளைத் தொட்டாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவளாக அவனைத் தொட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அவன் இரண்டையும் காதில் வாங்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாப்பா எங்க?" என்றான்.

குழந்தைகள் இருவரையும் காணோம். அவன் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தான். நானும் தரையில் கிடந்தபடியே பார்த்தேன். அவள் சுவரோடு ஒட்டி, ஒடிந்து சேர்ந்த கையால் தன் தலையை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். மறு கையால் என் மகனைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தாள். அந்தக் கையாலேயே தன் பாவாடை ஓரத்தை அவன் காதில் அழுத்தியிருந்தாள். அங்கே எப்படிப் படுத்தால் கை எட்டாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எந்த அடி நியாயமான அடி என்று அவள் பார்க்கவில்லை. அப்பா எழுந்தார், அடிச் சத்தம் கேட்டது, கட்டிலுக்கடியில் போனாள். அவனுக்கு அது ஒரே பார்வையில் புரிந்தது. எனக்கு வெகு காலம் பிடித்தது.

அவளை வெளியே வா என்று அவன் கூப்பிடவில்லை. ஆறடி தள்ளித் தரையில் உட்கார்ந்தான்.

"பாப்பா, அப்பா அடிச்சுட்டேன்."

அவள் என் மகனை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"மறுபடி முதல்லேருந்து போறேன். நீ இங்கேயே இரு."

கட்டிலுக்கடியிலிருந்து கேட்டாள்: "எத்தனை வாரம்?"

"பன்னெண்டு."

"சரி" என்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. அவன் அழுதான், அதைப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை வீங்கிய வாயோடு நானும் தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அவன் எப்படியும் என்மேல் பழியைப் போடுவான், அதற்கு முன்பு என் வாயைக் காட்டி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று. பாதி மாடிப்படியில் அவன் குரல் கேட்டது.

"எங்க மச்சானை அடிச்சேன். பல்லு போயிடுச்சு. எம் பொண்ணு பயந்து கட்டிலுக்கடியில போயிட்டா."

"ஏன் அடிச்சீங்க?"

"அடிச்சேங்க. அவ்வளவுதான்."

பெல்ட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் மகன் காதில் போட்ட நாலு தையலைப் பற்றியும் இல்லை. உள்ளே ஒரு ஆட்டோக்காரர், "வாய்யா முதல் வாரத்துக்காரா" என்றார், யாரும் சிரிக்கவில்லை. நான் அப்படியே இறங்கி வந்துவிட்டேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு போயிருப்பேன்.

பெல்ட்டை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை. பெரிய மனது வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பட்டறையில் அவன் தினமும் எதிரில் நின்றான், அதனால் எடுக்கவில்லை. ஆனால் கை நீளாமல் இல்லை. அந்தப் பன்னிரண்டு வாரத்தில் இரண்டு முறை பையனை அறைந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் முடித்துவிட்டான். ஐந்தாவது தடவையில், ஒரு வாரம்கூட விடாமல். போன ஞாயிறு காலையில் அலுவலகத்து ஆள் வந்து மகளிடம் தனியாகப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு போனார். தங்கை துணிகளை மடித்தாள். அவன் வாசலில் நின்றான், உள்ளே வந்து அவசரப்படுத்தவில்லை. பாப்பா தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்றாள். கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லையே என்று அவனும் பார்க்கவில்லை.

அப்போது என் மகன் புத்தகப் பையோடு வெளியே வந்தான். பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்குப் பதில் சட்டையும் கால்சட்டையும் திணித்திருந்தான். பை மூடவில்லை.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றேன்.

"மாமா வீட்டுக்கு."

"எப்போ வருவ?"

பையை மார்போடு அணைத்துக்கொண்டான். யார் வீட்டுக்கு? பெற்ற மகளின் கையை ஒடித்தவன் வீட்டுக்கு. என் பெண்டாட்டி தரையைப் பார்த்தாள், தங்கை வேறெங்கோ பார்த்தாள். அவன் மட்டும் என்னைப் பார்த்து, "மச்சான், சனிக்கிழமை நாலு மணி. நான் கீழே வாசல்ல நிக்கிறேன். நீங்க வாங்க" என்றான், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

எனக்குக் கோபம் வரவில்லை. பையனைத் தடுக்கவும் தோன்றவில்லை. போகிறவன் போகட்டும், பையின் ஜிப்பையாவது மூடிக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். பையன் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான்.